மல்லிகைக்குச் செய்யும் கவாத்து ஹீதருக்கு ஆகாது

கேள்வி: பிரான்சில் இருக்கும் என் மகளின் வீட்டுத் தோட்டத்தில், பல ஆண்டுகளாக வெட்டாமல் விட்ட ஹீதர் (குளிர்நாடுகளில் பூவுக்காக வளர்க்கும் குறுஞ்செடி) செடிகள் புதராக மண்டி, நடுவில் வெறும் குச்சியாக நிற்கின்றன. மார்ச் மாதம் அங்கே போகிறேன். இங்கே குண்டுமல்லிக்குச் செய்வதுபோல் கட்டை தெரிய வெட்டிவிடலாமா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அப்படி மட்டும் வெட்டிவிடாதீர்கள். நம் பக்கத்தில் நவம்பர் கடைசியில், மழை விட்ட நாளாகப் பார்த்து, குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டினால், முதிர்ந்த கிளையிலிருந்தே புதுத் துளிர்கள் கிளம்பி, அவற்றில் மொட்டுக் கட்டும். ஹீதருக்கு அந்தத் தெம்பு கிடையாது. இலையில்லாத பழங்கட்டையில் கத்தரி பட்டால், அந்த இடம் பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் மர ஹீதர் மட்டும் விதிவிலக்கு; அது அடிக்கட்டையிலிருந்தும் தழைக்கும்.

கிளையொன்றைக் கையில் பிடித்து நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த பழைய பூக்கதிர், அதன் கீழே நெருக்கமாக அடுக்கிய பொடிப் பச்சை இலைகள், அதற்கும் கீழே மொட்டைக் குச்சி இருக்கும். பூக்கதிர் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வெட்டிய பிறகும் கிளையில் பச்சை மிஞ்சியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கோடை இறுதியில் பூக்கும் கலூனா வகைக்கு மார்ச் ஏற்ற மாதம். குளிர்காலத்தில் பூக்கும் எரிகா வகையாக இருந்தால், பூ ஓயும் வரை பொறுத்திருந்து, ஏப்ரல் வாக்கில் வெட்டும்படி மகளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நடுவில் மொட்டையாகிவிட்ட செடியை வெட்டி மீட்க முடியாது. ஆனால் பதியம் போட்டுக் காப்பாற்றலாம். ஓரக் கிளையை வளைத்து, பச்சை நுனி மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால், அடுத்த ஆண்டுக்குள் வேர்பிடித்துத் தனிச் செடியாகும். பழைய செடி அழகாக இல்லை என்பதற்காக அதைப் பிடுங்கி எறிய அவசரப்பட வேண்டாம். பதியம் வேர்விடும் வரை அதுவே தாய்.

மல்லிகைக்குக் கவாத்து முடிந்ததும் தொழுவுரம் இடுகிறோமே, அந்தப் பழக்கத்தில் ஹீதருக்கும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சத்துக் குறைந்த, அமிலத்தன்மையுள்ள மண்ணே அதற்கு ஏற்றது. சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் இரண்டுமே அந்தத் தன்மையைக் குறைத்துவிடும் என்பதால், அவற்றை அண்டவே விடக்கூடாது. அவ்வூர்க் குழாய் நீர் உப்புப் படியும் கடின நீராக இருந்தால், பிடித்து வைத்த மழைநீரையே ஊற்றச் சொல்லுங்கள்.