6,000 காலடி போதாதா?

வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் முப்பது ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்துவரும் பொதுநல மருத்துவர் பதில் அளிக்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வயது 67. மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் தினமும் 10,000 காலடி கேட்கிறது. எனக்கோ 6,000 தாண்டுவதே பெரும்பாடு. மீதியை இரவில் கூடத்திலேயே சுற்றிச் சுற்றித் தீர்க்கிறேன். முழங்கால் வலிக்கிறது.
- வாசகி, திண்டுக்கல்

கடிகாரத்திடம் கடன் வாங்கியவர் போல நடக்காதீர்கள், டீச்சர். அந்த 10,000 மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த அளவே அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கே', பத்தாயிரம் காலடி மானி என்று பொருள். முழு எண், மனத்தில் நிற்கும், சரக்கும் விற்கும். அவ்வளவுதான்.

2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 4,400 காலடி நடந்தவர்களிடமே, 2,700-ஓடு நின்றவர்களைவிட இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்த ஆதாயம் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. உங்கள் 6,000 நல்ல கணக்கு. கூடத்தில் பத்தடிக்கு ஒரு திருப்பம், ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்காலுக்கு ஒரு முறுக்கு. அதை இன்றே நிறுத்துங்கள். வலி இரண்டு வாரத்தில் அடங்காவிட்டாலோ, வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விடிந்தது முதல் வீட்டுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். தனியாக வேறு நடக்க வேண்டுமா? சாப்பிட்ட பின் சர்க்கரை 210.
- இல்லத்தரசி, சிவகாசி

என் அம்மாவும் இதையேதான் சொல்வார். ஒரு நாள் உட்கார்ந்து கவனித்தேன். அடுப்படியிலிருந்து குழாயடிக்கு ஆறு எட்டு, அங்கே ஐந்து நிமிடம் நிற்பது. மறுபடி ஆறு எட்டு, மறுபடி நிற்பது. உடம்பு அலுத்துப்போகிறது, மூச்சு வேகம் பிடிப்பதில்லை. நான் சொல்லும் நடை நிமிடத்துக்கு 100 காலடி. கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

உங்களுக்கு விடியற்காலையைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய 15 நிமிடம் முக்கியம். நடக்கும்போது சுருங்கி விரியும் கால் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சோறு சர்க்கரையாகி ஏறும் அந்த நேரத்திலேயே தெருவில் இறங்கிவிடுங்கள். பாத்திரம் தொட்டியில் கிடக்கட்டும். வீட்டில் வேறு கைகளும் இருக்கின்றன அல்லவா? மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மயக்கம், படபடப்பு, வியர்வை வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். இனிப்பு ஏதாவது கையோடு இருக்கட்டும்.

ஆறு மாதமாக நடக்கிறேன். எடை அசையவே இல்லை.
- வாசகர், மதுரை

நானும் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் நடக்கிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். இரண்டு சுற்று முடித்து, கூட்டாளிகளோடு டீயும் இரண்டு மெதுவடையும் சாப்பிட்டால் செலவழித்ததற்கு மேல் உள்ளே போயிருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடை கைகொடுக்கும். எடை குறைய, தட்டில் கைவைக்க வேண்டும்.

எட்டு வடிவில், கூழாங்கல் மேல் வெறுங்காலோடு நடந்தால் எல்லா நோயும் போகும் என்கிறார்களே? எனக்குச் சர்க்கரை வந்து 12 ஆண்டுகள்.
- வாசகர், காரைக்குடி

எட்டில் மந்திரம் ஏதும் இல்லை. மொட்டை மாடியில் இடம் குறைவு என்றால் தாராளமாக எட்டுப் போடுங்கள். உங்களுக்கு வெறுங்கால் மட்டும் கூடவே கூடாது. போன மாதம் ஒருவர் இருமலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றியபோது மிதியடியில் ரத்தக் கறை. குதிகாலில் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று, நகத்தளவு, ஆழமாகப் புதைந்திருந்தது. எத்தனை நாளாக என்றேன். "எது டாக்டர்?" என்று கேட்டார். அவருக்கும் உங்களைப் போல நாட்பட்ட சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டிருந்தது.

காலுறை, முன்பக்கம் விரல்களை நெருக்காத ஷூ. நடந்து வந்ததும் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். பேரப்பிள்ளை இருந்தால் அவனையே பார்க்கச் சொல்லுங்கள். உங்களைவிடக் கண் கூர்மை.