துண்டுபட்ட காடுகளும் பாலூட்டிகளும்: கேள்வி பதில்

கேள்வி: வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் பெருகிவிட்டன என்கிறார்கள். அப்படியானால் காடு துண்டாவதால் கெடுதல் இல்லை என்றுதானே பொருள்?

பதில்: அப்படிப் பொருள்கொள்ள முடியாது. தோட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 92 ஹெக்டேர் மட்டுமே உள்ள அந்தச் சோலைக்காட்டில் அவற்றின் எண்ணிக்கை நூறைத் தாண்டியிருப்பது உண்மைதான். ஆனால் அடுத்த சோலைக்குப் போக மரவழி இல்லாததால்தான் அவை அங்கேயே அடைபட்டு நெருக்கமாக வாழ்கின்றன. வெடிப்பலா என்னும் காட்டுமரத்தின் பூவையும் விதையையும் தின்று, பட்டையிடுக்கில் பூச்சி தேடி, பெரும்பாலும் தரையிறங்காமலே வாழும் விலங்கு, இங்கே நெடுஞ்சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபடுகிறது. வீட்டுக் கூரையைப் பிரித்துச் சமையலறைக்குள்ளும் இறங்குகிறது. ஆண் குரங்குகள் வேற்றுக் கூட்டங்களுக்குப் போய்ச் சேர முடியாத இடத்தில், தலைமுறைகள் கழித்து உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழும் ஆபத்தும் உண்டு. தலைகளை மட்டும் எண்ணினால் இவை எதுவும் நம் கண்ணில் படாது.

கேள்வி: குறைந்தது எத்தனை ஹெக்டேர் காடு இருந்தால் போதும்?

பதில்: பரப்பு முக்கியம்தான், ஆனால் காட்டைச் சூழ்ந்திருப்பது எது என்பதும் அதே அளவு முக்கியம். தாய்லாந்தின் சியோ லான் அணையில் 1980களின் பிற்பகுதியில் நீர் நிரம்பியபோது குன்றுகள் தீவுகளாயின. 2013இல் வெளியான ஆய்வின்படி, 10 ஹெக்டேருக்குக் குறைவான தீவுகளில் ஐந்தே ஆண்டுகளிலும், 56 ஹெக்டேர் வரையிலான தீவுகளில் 25 ஆண்டுகளுக்குள்ளும், காட்டுக்குரிய சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துபோயின. வெளியிலிருந்து புகுந்த வயல் எலியே அங்கே பெருகியது. தண்ணீரைக் கடக்க முடியாத விலங்குகள் பல, நிழல்மரம் உள்ள காப்பித் தோட்டத்தைக் கடந்துவிடும். ஆகவே ஒரே அளவுகோலை எல்லா இடத்துக்கும் பொருத்துவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: எஸ்டேட்டுக்குள் யானை வருவதைத் தடுக்க முடியாதா?

பதில்: சுமார் 220 சதுர கிலோமீட்டர் வால்பாறைப் பீடபூமியைச் சுற்றிலும் காடுதான், யானைகள் அதன் குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும். பகலில் ஆற்றோர மரங்களிடையே தங்கிவிட்டு, இரவில் தேயிலை வழியே நடக்கின்றன. நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரைமரங்களை வெட்டாமல் விடுவதும், யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் முன்கூட்டியே தெரிவிப்பதும் தடுப்பு வேலியைவிட மிகுந்த பயன் தருகின்றன. யானை நிற்பது தெரியாமல் இருட்டில் எதிர்ப்பட்டவர்களே பெரும்பாலும் உயிரிழந்திருக்கிறார்கள்.

கேள்வி: மரம் நட்டால் போதுமா?

பதில்: வெளியிலிருந்து வந்து புதராகப் பரவும் உண்ணிச்செடியை அகற்றிவிட்டு, அந்தச் சோலைக்கே உரிய மரங்களை நட வேண்டும். தேயிலைக்கு நிழலாக நடப்படும் சில்வர் ஓக் மரத்தில் குரங்குக்குத் தின்னப் பழமில்லை.