மைக்ரோவேவ் அடுப்பில் உலோகப் பாத்திரம் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது கன்வெக்‌ஷன் வசதியும் சேர்ந்த மைக்ரோவேவ் அடுப்பு. அதில் என் மகள் உலோக டின்னில் கேக் செய்கிறாள், ஒன்றும் ஆவதில்லை. அந்தத் தைரியத்தில், மிச்சமிருந்த உணவை நான் எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினேன். கிண்ணம் பக்கச் சுவரை ஒட்டிய இடத்தில் படபடவென்று தீப்பொறி பறந்தது. உடனே அணைத்துவிட்டேன். உலோகத்தை உள்ளே வைக்கலாமா, கூடாதா? அந்த உணவைச் சாப்பிட்டது தவறா? அடுப்பை இனிப் பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் மகள் செய்ததில் தவறில்லை, உங்களுக்கு நேர்ந்ததிலும் வியப்பில்லை. இருவரும் பயன்படுத்தியது ஒரே பெட்டிதான் என்றாலும், நீங்கள் அழுத்திய பொத்தான் வேறு, அவர் அழுத்திய பொத்தான் வேறு. எந்தப் பாத்திரத்தை வைக்கலாம் என்பதை அந்தப் பொத்தான்தான் தீர்மானிக்கிறது.

கன்வெக்‌ஷன் முறையில் சூடேறிய கம்பிச்சுருளின் வெப்பத்தை விசிறி காற்றோடு சுழற்றிவிடுகிறது. காற்றின் சூட்டை வாங்கி உணவுக்குக் கடத்த உலோகத்தைவிட ஏற்றது எதுவும் இல்லை. மைக்ரோவேவ் முறையிலோ சூடான காற்று என்பதே கிடையாது. மேக்னட்ரான் என்ற பாகம் 2,450 மெகாஹெர்ட்ஸ் அளவில் அலைகளை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலைகள் உணவுக்குள் புகுந்து, அதிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குகின்றன. கண்ணாடியும் பீங்கானும் அந்த அலைகளுக்கு வழிவிடும். உலோகம் வழிவிடாமல் திருப்பி அனுப்பிவிடும். அடுப்பின் உட்சுவர்கள் உலோகமாக இருப்பதும், கதவுக் கண்ணாடிக்குள் பொடித்துளைகள் கொண்ட உலோக வலை இருப்பதும் அலைகளை உள்ளேயே அடைத்து வைப்பதற்காகத்தான். அப்படியானால் ஆழமான எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்த உணவுக்கு மேல்வாய் வழியாக மட்டுமே அலைகள் கிடைக்கும். மேலே கொதித்தாலும் அடியில் சில்லென்று இருக்கும். உலோக மூடியும் போட்டுவிட்டால் உணவுக்கு எதுவுமே போய்ச்சேராமல், அந்த ஆற்றலில் பெரும்பகுதி மேக்னட்ரானுக்கே திரும்பி அதன் ஆயுளைக் குறைக்கும்.

தீப்பொறி வருவதற்குக் காரணம், அலைகள் உலோகத்தின் மேற்பரப்பில் மின்னோட்டத்தை உண்டாக்குவதுதான். கூர்மையான முனைகளிலும், மெல்லிய விளிம்புகளிலும், இரண்டு உலோகங்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியிலும் மின்புலம் குவிகிறது. அது சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் அளவை எட்டும்போது காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிப் பொறி பறக்கிறது. உங்கள் கிண்ணத்தின் விளிம்பு சுவரை ஒட்டி நின்றதால் அந்த இடத்தில் பொறி வந்தது. முள்கரண்டியும் கசங்கிய அலுமினியத் தாளும் சீக்கிரமே பொறி விடுவதற்கும், வழவழப்பான கரண்டி பல நேரங்களில் சும்மா இருந்துவிடுவதற்கும் இதுவே விளக்கம். ‘நான் பல வருடங்களாக எவர்சில்வர் வைக்கிறேன், எதுவும் ஆகவில்லை’ என்று சிலர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பாத்திரத்தின் வடிவமோ, அது நிற்கும் இடமோ, உள்ளிருக்கும் உணவின் அளவோ சற்று மாறினால் விளைவும் மாறிவிடும். அதனால் மைக்ரோவேவ் முறையில் உலோகம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும் விதிவிலக்கு: அடுப்போடு வந்த தாங்கி, அல்லது உணவின் மெல்லிய முனைகள் காய்ந்துபோகாமல் இருக்கச் சுவரிலிருந்து 2.5 சென்டிமீட்டராவது தள்ளி, கசங்காமல் சுற்றிய சிறு அலுமினியத் தாள்.

பாத்திரமாகத் தெரியாத உலோகத்திடம்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தங்க நிறக் கோடு போட்ட பீங்கான் தட்டு, தேநீர்ப் பையில் அடித்த ஸ்டேப்ளர் பின், பையின் வாயைக் கட்டும் கம்பி, உட்புறம் அலுமினியம் பூசிய பொட்டலம் ஆகிய எல்லாமே பொறி விடக்கூடியவை. காகிதப் பையைக் கட்டிய மெல்லிய கம்பி நொடிகளில் சூடேறிக் காகிதத்தையே பற்றவைத்துவிடும்.

உங்களைப் போல இரண்டு முறைகளிலும் இயங்கும் அடுப்பு வைத்திருப்பவர்கள் ‘காம்பி’ முறையில் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். அதில் சூடான காற்றும் நுண்ணலையும் (மைக்ரோவேவ்) சேர்ந்து வேலை செய்வதால், கையேடு அனுமதிக்காத வரை கேக் டின்னுக்கு அங்கே இடமில்லை. கேக் செய்து முடித்ததும் கம்பித் தாங்கியை மறக்காமல் வெளியே எடுத்து வைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். அது உள்ளே இருப்பதைப் பார்க்காமல் அடுத்தவர் மைக்ரோவேவ் பொத்தானை அழுத்திவிடக்கூடும்.

நுண்ணலையே இல்லாத சாதாரண மின் ஓவனில் அலுமினியம், எவர்சில்வர், வார்ப்பிரும்பு என எதையும் தாராளமாக வைக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியவை வேறு. பிளாஸ்டிக், மரக் கைப்பிடிகள் ஓவனின் சூட்டைத் தாங்காது. நான்ஸ்டிக் பூச்சுள்ள பாத்திரத்தை வெறுமனே சூடேற்றக் கூடாது. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும், அந்தப் புகை வளர்ப்புப் பறவைகளின் உயிரையே பறித்துவிடும். இறுக மூடிய டின்னை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்காதீர்கள். ஆவி சேர்ந்து வெடித்துவிடும். வெளியே எடுக்கும்போது ஈரத்துணியால் பிடித்தால் ஈரம் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும் என்பதால், காய்ந்த தடித்த கையுறையே வேண்டும்.

இனி உங்கள் மற்ற இரண்டு கேள்விகள். தீப்பொறியால் உணவு நஞ்சாவதில்லை. கரியோ உலோகத் துணுக்கோ விழாமல் இருந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். அடுப்பைப் பொறுத்தவரை, முதலில் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு உட்சுவரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கறை மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பொறி வராவிட்டால் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். பொறி வந்தால் கதவைத் திறக்காமல் உடனே அணைத்துவிடுங்கள். பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிந்தாலோ, பக்கச் சுவரில் அலைகள் உள்ளே வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா தகடு கருகியிருந்தாலோ, அந்த இடத்தில் மறுபடியும் பொறி வரும். சரிசெய்யும் வரை பயன்படுத்த வேண்டாம். அந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். வெளி உறையை நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.