டேப்பின் ஜீரோ முனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் கட்டிடக்கலைப் படிப்பில் (பி.ஆர்க்.) நான்காம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் நகர வடிவமைப்பு ஸ்டூடியோவுக்கு வடசென்னையில் ஒரு குடியிருப்புப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு தனியார் நிறுவனத்தின் கட்டிடக் கலைஞர்கள் இருவர் எங்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். பன்னிரண்டு பேர் ஆறு வாரம் தெருத்தெருவாக அளந்தோம். அந்த அளவுகளை நிறுவனம் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. எங்கள் பெயர் எங்கும் இல்லை. இது சுரண்டல்தானே?

மக்கள் பங்கேற்பு என்று வகுப்பில் நிறையப் பேசுகிறோம். ஆனால் அளக்கப் போன முதல் நாளே ஒரு வயதான அம்மா காபி கொடுத்துவிட்டு, "எப்பம்மா இடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதிப்பீட்டாளர்கள் பார்த்து மதிப்பெண் போடும் ஜூரி முடிந்து, எங்கள் வரைபட ஷீட்டுகள் இப்போது கல்லூரியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. மாணவர்களும் தொழில்முறையாளர்களும் சேர்ந்து ஒரு பகுதியைத் திட்டமிடுவது உண்மையிலேயே சாத்தியமா, இல்லை மதிப்பெண்ணுக்கான நாடகமா?

ர.

அன்புள்ள ர,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போட்டிருக்க வேண்டும், போடாதது தவறு. பேராசிரியர் மூலமாக எழுத்தில் கேளுங்கள். அப்போதும் சேர்க்காவிட்டால் அடுத்த வருடம் உங்கள் ஜூனியர்களை அவர்களோடு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். சுரண்டல் என்ற சொல்லை அந்தத் தெருக்காரர்கள் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். உங்களுக்கு இப்போதைக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

சாத்தியமா நாடகமா என்பதற்கும் வருகிறேன். அதற்கு முன் அந்தச் சிரிப்பு. அந்த வரி வந்ததும் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். போன மாதம் என் அத்தை இறந்துபோனாள். எண்பத்தேழு வயது, கல்யாணச் சாவுதான். துக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதில் பாதி மோர் கதை. அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. அப்போது பார்த்து உங்கள் கடிதம் வருகிறது.

1978 கோடை. மதுரையில் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது. ஒரு கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் அளக்க வந்தார்கள். துணி டேப். தோல் உறைக்குள் இருக்கும், பித்தளைக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே போய்விடும். அவர்களில் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு, டேப் முனையிலிருந்த வளையத்தைக் கையில் கொடுத்து, "ஜீரோவைச் செவுத்துல வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கோ" என்றாள். மத்தியானம் முழுக்கப் பிடித்தேன். எங்கள் திண்ணை, பக்கத்து வீட்டுப் படி, சாக்கடை, குழாயடி, மாடு கட்டும் முளை எல்லாவற்றையும் அளந்தார்கள். அத்தை ஒரு செம்பு மோர் கரைத்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குள் கூப்பிட்டு முற்றத்தையும் அளக்கவிட்டாள். அந்த அக்காவின் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன். நோட்டில் எங்கள் திண்ணைத் தூண் ஒரு குட்டி வட்டமாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வேறு ஆட்கள் வந்தார்கள். சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு எண். கோடு திண்ணையைத் தாண்டி உள்ளே விழுந்தது. தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம். சந்தே திரண்டு வந்து அத்தையைத் திட்டியது, வேவு பார்க்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாளாம். எங்கள் குடும்பத்தில் இன்றும் யாராவது ஏமாந்துவிட்டால் "மோர் குடுத்துட்டான்" என்போம். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சின்னப் பையன். ஆனால் ஜீரோவைப் பிடித்தவன் நான்.

இருபது வருடம் கழித்து நகரமைப்பு தெரிந்த ஒரு நண்பர் விஷயத்தை விளக்கினார். அந்த அகலப்படுத்தும் கோடு, மாணவர்கள் வருவதற்குப் பல வருடம் முன்பே திட்ட வரைபடத்தில் இருந்திருக்கிறது. அவர்கள் அளந்ததற்கும் இடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரிந்திருக்கும். அளக்கப் போகிறவர்கள் திட்ட வரைபடத்தை ஒருமுறையாவது விரித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து, எங்கள் மோரைக் குடித்துக்கொண்டு, எங்கள் திண்ணை போகப்போகிறது என்று தெரிந்தே அந்தத் தூணுக்கு அழகாக ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். பாடத்தில் அது இல்லை.

உங்கள் பாடத்தில் இருக்கிறதா, சொல்லுங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இலிருந்து இருக்கிறது. ஒரு பகுதிக்கு விரிவான வளர்ச்சித் திட்டம் போட்டால், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்கத்தான் செய்கிறார்கள், அரசிதழில். என் அத்தை அரசிதழ் படித்ததில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள். உங்களோடு வந்த அந்த இரண்டு கட்டிடக் கலைஞர்களுக்குப் படிக்கத் தெரியும். எந்தச் சர்வே எண்ணின் மேல் எந்தக் கோடு போகிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரியும். ஆனால் அவர்களுக்கு ஆறு வாரம் தெருவில் நடக்க நேரம் கிடையாது. உங்களுக்கு நேரமும் காலும் இருக்கிறது. சேர்ந்து வேலை செய்வது என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான். நீங்கள் என்ன செய்தீர்கள்? தெருவிலிருந்து அளவை எடுத்து அவர்களிடம் கொடுத்தீர்கள். அவர்களிடமிருந்து ஒன்றையும் எடுத்துத் தெருவுக்குக் கொடுக்கவில்லை. ஒருவழிப் பாதை.

ஸ்காட்லாந்து நகரமைப்பாளர் பேட்ரிக் கெடிஸைப் படித்திருப்பீர்கள், பரீட்சைக்காகவாவது. 1886-இல் அந்த மனுஷர் புது மனைவியை அழைத்துக்கொண்டு எடின்பரோவின் பழைய நகரத்தில், ஜேம்ஸ் கோர்ட் என்ற அழுக்குக் குடியிருப்புக்கே குடிபோனார். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுண்ணாம்பு அடித்தார். மறுவருடம் அதே பழைய நகரத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விடுதி தொடங்கினார். பையன்கள் அங்கேயே தூங்கி எழுந்தார்கள். 1914-இல் இந்தியாவுக்கு வந்தபோது அவருடைய நகரமைப்புக் கண்காட்சியின் வரைபடங்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. ஆம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். நம் ஊரில் பொல்லாத அப்பாக்களுக்குப் பெயராகிப்போன எம்டன். மனுஷர் அசரவில்லை. புதிதாகச் சேகரித்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி வைத்தார். தஞ்சாவூர், மதுரை என்று கால்நடையாகச் சுற்றி அறிக்கை எழுதினார். மொத்தமாக இடிக்காதே, கெட்டுப்போன வீட்டை மட்டும் எடு, மிச்சத்தைக் காப்பாற்று என்பது அவர் கட்சி. இந்தூரில் தீபாவளி ஊர்வலம் ஒன்று நடத்தினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள். எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் வாசலையும் அதிகம் சுத்தம் செய்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவிப்பு. ஊரே வாளியும் துடைப்பமுமாக இறங்கிவிட்டது. அவரையும் புனிதராக்க வேண்டாம். துரைகளுக்கும் மகாராஜாக்களுக்கும் எழுதிக் கொடுத்தவர்தான், பல அறிக்கைகள் அலமாரியிலேயே தூங்கின. ஆனால் தெருவில் அளந்தது தெருவுக்குத் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், உங்கள் வடசென்னையில்தான். ஒரு நண்பரும் அவரோடு வேலை செய்த மாணவர்களும் தாங்கள் வரைந்ததை ஃப்ளெக்ஸில் பெரிதாக அச்சடித்து, ரேஷன் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். எழுத்தெல்லாம் தமிழில். வடக்கு தெற்கு என்று போடாமல் மசூதிப் பக்கம், பள்ளிக்கூடப் பக்கம் என்று போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற பெண்கள் முதலில் அவரவர் வீட்டைத் தேடினார்கள். அப்புறம் அடுத்த வீட்டுக்காரி எவ்வளவு தூரம் படியை இழுத்துக் கட்டியிருக்கிறாள் என்று பார்த்தார்கள். அதற்கும் அப்புறம்தான் விஷயம் வந்தது. மழைத்தண்ணீர் ஓடும் திசைக்கு மாணவர்கள் நீல அம்பு போட்டிருந்தார்கள், வீடுகளிலிருந்து தெருவுக்கு. ஒரு பெரியவர் அம்பின் மேல் விரலை வைத்து, "இது முப்பது வருஷத்துக்கு முன்ன" என்றார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடுகள் பள்ளமாகிவிட்டன. தண்ணீர் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. மாணவர்கள் வெயிலில் வந்து, வெயிலில் அளந்து, வெயிலில் போனவர்கள். ஒரு பையன் அங்கேயே மார்க்கரை எடுத்து எல்லா அம்புகளையும் அடித்துத் திருப்பிப் போட்டான். அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. நல்ல பையன்.

உங்கள் ஜூரி இதைக் கண்டுபிடித்ததா? கண்டுபிடிக்க முடியாது. ஏசி அறையில் ஏது வெள்ளம்.

கிராம சபை மாதிரி நகரத்து வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்று ஒன்று 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் நடக்கிறது, தெரியுமா? சரி, தேதி கேட்டு அங்கேயும் போங்கள். நாற்காலி காலியாகக் கிடக்கலாம், கவுன்சிலர் அவசரமாகக் கிளம்பலாம், ஆனாலும் போங்கள். ஆனால் முதலில் அந்தச் சுருட்டிய ஷீட்டுகளைப் பிரியுங்கள். ஆங்கிலத்தை எல்லாம் தமிழாக்குங்கள். அந்த இரண்டு பேரையும் ஒரு மாலை உட்காரவைத்து, இருக்கிற திட்டத்தை உங்கள் ஷீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். காபி கொடுத்த அம்மா வீட்டின் மேல் ஏதாவது கோடு போகிறதா? அவர் கேட்டது அதைத்தான். எப்போது இடிப்பீர்கள் என்று கேட்டவர் ஏற்கெனவே ஒருமுறை இடிபட்டவராக இருப்பார், அல்லது அவருடைய அம்மா.

கோடு போனால் போய்ச் சொல்லுங்கள். போகவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள். திட்டினால் நின்று கேளுங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள்.