ஹெர்னியா ஆபரேஷன்: ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா, எதில் வலி குறைவு?

அடிவயிற்று ஹெர்னியாவுக்கு, அதாவது தொடை இடுக்குப் பக்கம் வரும் குடலிறக்கத்துக்கு, எந்த முறையில் வலி குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. வலது பக்கம் தேனியில் ஓப்பன், அதாவது கிழித்துச் செய்வது, சில வருடம் கழித்து இடது பக்கம் கோட்டயத்தில் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. இரண்டிலும் பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே வலை (மெஷ்) வைத்தார்கள்.

முதல் வார வலியை மட்டும் பார்த்தால் லேப்ராஸ்கோப்பிதான் தேவலை. ஓப்பனில் தொடை இடுக்குக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிக்கிறார்கள். இருமினால், தும்மினால், ஏன் சிரித்தால்கூட தையல் பிடித்து இழுக்கும், படுக்கையிலிருந்து நேராக எழ முடியாது, ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழுந்தேன். கம்பத்திலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவன் நான். திரும்ப வேலைக்குப் போன புதிதில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் பக்கம் ஒரு துளை, கீழே இரண்டு சின்னத் துளை, அவ்வளவுதான். ஆனால் தோள்பட்டை வலித்தது! நர்ஸ் சேச்சியைக் கேட்டால், உள்ளே ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, தானே போய்விடும் என்றார். போய்விட்டது.

அப்புறம் நீண்ட நாள் வலி. ஓப்பன் செய்தபோது இதைப் பற்றி என்னிடம் ஒருவரும் பேசவில்லை, அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் தொந்தரவு தரும் வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு வருவதாக 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பல நேரம் காரணம் நரம்புதான். அங்கே ஓடும் மூன்று நரம்புகளும் ஓப்பனில் கத்திக்கும் தையலுக்கும் வலைக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. லேப்ராஸ்கோப்பியில் வலை தசைக்குப் பின்னால் போவதால் ஆபத்து குறைவு, ஆனால் ஆணி மாதிரி டேக்கர் அடித்துப் பொருத்தினால் அது நரம்பில் பட்டு வலிக்கலாம். எனக்கு வலது பக்கம் இன்றும் ஒரு திட்டு மரத்துக் கிடக்கிறது, மூட்டை தூக்கினால் சுருக்கென்று குத்துகிறது. இடது பக்கம் ஒன்றும் இல்லை.

அதற்காக எல்லாரும் லேப்ராஸ்கோப்பிக்கு ஓட வேண்டாம். அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். இதயமோ நுரையீரலோ பலவீனமான பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து ஓப்பன் செய்வதே நல்லது. இரண்டு பக்கமும் இருந்தால், அல்லது ஓப்பன் செய்த இடத்திலேயே திரும்ப வந்தால், லேப்ராஸ்கோப்பி பொருத்தம். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த முறையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா, நரம்புகளை அடையாளம் பார்த்துக் காப்பாற்றுவீர்களா, வலையை எதை வைத்துப் பொருத்துவீர்கள்? ஆபரேஷனுக்கு முன்பே அங்கே கடுமையான வலி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாலும் வலி தொடர வாய்ப்பு அதிகம்.