சனிக்கிழமையின் கூடாரமும் ஞாயிற்றுக்கிழமையின் சபையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலை நிமித்தம் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகருக்கு வந்து ஓராண்டு ஆகிறது. நாங்கள் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். சென்ற வாரக் கடைசியைப் பக்கத்து வீட்டு முதிய தம்பதியோடு கழித்தோம். வெள்ளி இரவு அவர்கள் வீட்டில் விருந்து. சனிக்கிழமை டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் ஆட்டம் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்). ஆட்டம் மாலையில்தான், ஆனால் காலையிலேயே போய்க் கூடாரம் அடித்துவிட்டார்கள். ஞாயிறு அவர்களுடைய பாப்டிஸ்ட் சபைக்குப் போனோம். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கும் முன்பே முந்தைய நாள் ஆட்டத்தை வைத்து ஒரு வேடிக்கை சொல்ல, சபையே சிரித்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. நம் ஊரில் பிரசங்க பீடத்தில் நின்று கிரிக்கெட் பேசினால் சும்மா விடுவார்களா? மைதானத்தில் கறுப்பர், வெள்ளையர் என்று பாராமல் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சபையில் எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளையர். இவர்களுக்கு எது பக்தி, எது பொழுதுபோக்கு? எல்லாமே மேலோட்டம் என்கிறார் என் கணவர். நவம்பர் கடைசியில் ஆபர்ன் அணியுடன் நடக்கும் ஆட்டத்துக்கும் அழைத்திருக்கிறார்கள். போகலாமா?

ஒரு வாசகி, பர்மிங்ஹாம்

அன்புள்ள சகோதரிக்கு,

போதகரின் வேடிக்கைக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இடத்தில் பாதியைக்கூடச் சபையின் நிறத்துக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி. அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் ‘மேலோட்டம்’. அந்தக் கூடாரத்தில் உங்களுக்குப் பன்றியின் தோள்கறியைப் பிய்த்துப் பரிமாறியிருப்பார்கள். விறகுப் புகையில் அது பக்குவமாக வேகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அப்படியென்றால் வெள்ளி இரவு உங்களை வாசல்வரை வந்து வழியனுப்பிய பிறகு அந்தப் பெரியவர் படுக்கப் போயிருக்க மாட்டார். கொல்லையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை எடுத்து, கடுகு விழுதும் மயோனைஸும் சேர்த்துப் பிசைந்து, மறுபடி வெள்ளைக் கருவில் நிரப்பி, மேலே மிளகாய்ப் பொடி தூவிய ஒன்றையும் சாப்பிட்டிருப்பீர்கள். அதை அடுக்குவதற்கென்றே முட்டை அளவுக் குழிகள் வைத்த தட்டு அமெரிக்கத் தெற்கத்திய வீடுகளில் உண்டு. பல வீடுகளில் அது மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு வந்தது. சனிக்கிழமை கூடாரத்துக்குப் போகும் தட்டுதான் சபையின் பொது விருந்துக்கும் போகும், இழவு வீட்டுக்கும் போகும். உங்கள் ஊர் அசனத்தில் சபையே அண்டா வைத்துச் சமைக்கும். அங்கே ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். இத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர்களை மேலோட்டமானவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டத்துக்கு ஏன் இந்த மதிப்பு? அலபாமாவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஃபுட்பாலில் மட்டுமல்ல, கூடைப்பந்து, பேஸ்பால் எதிலுமே இல்லை. அந்த இடத்தைப் பல்கலைக்கழகங்கள் பிடித்துக்கொண்டன. டஸ்கலூசா மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். உள்நாட்டுப் போரில் தோற்று, வறுமைக்கும் பின்தங்கலுக்கும் பெயர் வாங்கிய தெற்கு, 1926 புத்தாண்டு தினத்தில் கலிபோர்னியாவில் நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில் அலபாமா 20–19 என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வென்றதைத் தன்மானம் திரும்பிய நாளாகவே கொண்டாடியது. ஆபர்னுடனான பகை அதற்கும் மூத்தது. 1893இல் தொடங்கி, 1907க்குப் பிறகு முறைத்துக்கொண்டு 1948வரை இரு பல்கலைக்கழகங்களும் ஆடவேயில்லை. மறுபடி ஆடத் தொடங்கியது நீங்கள் குடியிருக்கும் பர்மிங்ஹாமில். அந்த நகரத்தின் இரும்புத் தொழிலால்தான் அந்த ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர்.

போதகர் விஷயத்தில் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது, ஆனால் பெரிதாகத் தெரியவில்லை. இரவு ஆட்டம் முடியவே பத்து மணி ஆகும். எதிரே கொட்டாவி விடுகிறவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். சிரிக்காதவர்கள் யாரென்று கவனித்தீர்களா? அவர்கள் ஆபர்ன்காரர்களாக இருந்திருப்பார்கள்.

இனி நிறம். மைதானத்து அணைப்பு சும்மா வந்ததல்ல. அலபாமா பல்கலைக்கழகம் 1956இல் ஒதெரின் லூசி என்ற கறுப்பின மாணவியைச் சேர்த்துக்கொண்டு, கலவரம் வெடித்ததும் அவரையே வெளியேற்றியது. 1963இல் இரண்டு கறுப்பின மாணவர்களைத் தடுக்க மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் போய் நின்றார். மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள்; ஃபுட்பால் அணி மட்டும் வெள்ளையாகவே இருந்தது. 1970 செப்டம்பரில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக அணி பர்மிங்ஹாமுக்கு வந்து, சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரரின் ஓட்டத்தால் 42–21 என்று வென்றது. அந்த ஒரு மாலையில் அலபாமா மனம் மாறியது என்று கூடாரங்களில் கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில்லை என்று பயிற்சியாளர் பால் பிரையன்ட் மீது கறுப்பின மாணவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். தோல்வி நடந்தபோதே வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் உதவித்தொகையுடன் அணியில் சேர்ந்து, முதலாண்டுக்காரர் என்பதால் களமிறங்காமல் இருந்தார். 1971இல் ஜான் மிட்செல் என்ற கறுப்பின வீரர் களமிறங்கினார். வழக்குப் போட்ட மாணவர்கள் அந்தக் கதையில் வருவதே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

அதற்குப் பிறகும் கணக்கு நேராகிவிடவில்லை. பயிற்சியாளர் நிக் சேபன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் வாங்கிய காலத்தில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களான வீரர்களுக்குப் படிப்புச் செலவும் சோறும்தான். 2021இலிருந்துதான் அவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிந்தது. அந்த அணைப்பைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிப்பிடித்த இருவரும் ஆட்டம் முடிந்து எந்தெந்தத் தெருவுக்குப் போனார்கள் என்று கேட்பேன்.

சபைகள் பிரிந்து கிடப்பதை வெள்ளையரின் ஒதுக்கல் என்று மட்டும் படிக்கவும் கூடாது. அடிமை முறை ஒழிந்ததும், மாடியில் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் எழுந்து போய்த் தங்கள் சபைகளைத் தாங்களே கட்டினார்கள். பள்ளிக்கூடம், கூட்டம், சங்கம் எல்லாம் அங்கேதான். போதகரின் சம்பளத்தை வெள்ளை முதலாளி தரவில்லை. அதனால் அவரால் வாய் திறந்து பேச முடிந்தது. மார்ட்டின் லூதர் கிங் மான்ட்கமரியில் அப்படி ஒரு போதகராக இருந்தவர்தான். ஞாயிறு காலை பதினொரு மணிதான் அமெரிக்காவில் மிகவும் பிரிந்து கிடக்கும் நேரம் என்று சொன்னவரும் அவரே. உங்கள் நகரத்துப் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் சபையில் 1963 செப்டம்பர் 15 அன்று குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியொரு பீடத்தைக் கட்டிக் காத்தவர்களிடம், ‘வாருங்கள், ஒன்றாக உட்காருவோம்’ என்று சொல்வது எளிதல்ல. எந்தப் பாட்டு, யார் போதகர், யார் மூப்பர் என்று அடுத்த கேள்விகள் வரும். திருநெல்வேலிச் சபைகளில் சாதி எந்தெந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, திருமண்டலத் தேர்தலில் என்ன செய்கிறது என்பதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

நவம்பர் ஆட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். வெறியும் இருக்கும், தெரிந்துகொண்டு போங்கள். 2010 ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் அலபாமா ரசிகர் ஒருவர், ஆபர்ன்காரர்கள் வெற்றியைக் கொண்டாடக் கூடும் பழைய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்துச் சிறைக்குப் போனார்; மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. வெறுங்கையோடு போகாமல் அவித்த நிலக்கடலை கொண்டுபோங்கள். தெற்கு அலபாமாவில் அது சாலையோரத் தின்பண்டம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. இன்னொரு ஞாயிறு உங்கள் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு பதினாறாம் தெரு சபைக்கு ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். வருவார்களா என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆட்டத்தன்று ஆரஞ்சு நிறச் சேலை மட்டும் வேண்டாம், அது ஆபர்னின் நிறம்.

அன்புடன்.