கம்ப்யூட்டருக்குள் என்ன சத்தம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டால், "கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி சத்தம் வருதுங்க" என்று கோபாலபுரத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மாறி மாறிக் கேள்விகள் வரும். தோட்டத்து மோட்டாரில் பேரிங் போனதைக் களத்துமேட்டில் நின்றபடியே சொல்லிவிடுகிற ஊர்க்காரர்கள் நாம். அந்தக் காதைக் கொஞ்சம் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினால் போதும். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை கேபினட்டின் மேல் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், அது எப்போது வருகிறது என்பது. ஆன் செய்த உடனேயா, சூடான பிறகா, ஃபைல் திறக்கும்போதா, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதா? எனக்கு எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

காலையில் ஆன் செய்தால் பத்து நிமிடம் 'கர்ர்ர்' என்று அரைக்கிறது. அப்புறம் தானாக அடங்கிவிடுகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் நார்மில் இருக்கிறது. ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது. இப்போது முன்பைவிட மோசம். (எருத்தேம்பதி)

சத்தம் ஃபேனில்தான் இருக்கிறது. பேரிங்கில் உள்ள கிரீஸ் காய்ந்துபோனால் குளிர்ந்த நிலையில் அரைக்கும். ஓடி ஓடிச் சூடேறியதும் மிச்சமிருக்கும் கிரீஸ் இளகி, சத்தம் குறையும். குறைந்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் விடுவது இந்தப் பக்கம் எல்லோருக்கும் வரும் யோசனை. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதுதானே. ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். மார்கழி விடியலில் பாட்டிலில் வெள்ளையாகக் கட்டி நிற்கிறதே, அதே கதைதான் பேரிங்குக்குள்ளும். உறையாத மாதங்களில் தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து உள்ளே விட்டு, திரும்ப ஒட்டுங்கள். சில மாதம் ஓடும். நிரந்தரத் தீர்வு புது ஃபேன்தான். வாங்கும்போது பால் பேரிங் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

நார்மில் பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஞ்சித் தூள், அதாவது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும்போது உதிரும் தூள், சாதாரண ரோட்டுத் தூசி மாதிரி இல்லை. தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செடித் தொட்டிக்கு அது நல்லது, கம்ப்யூட்டரின் முக்கிய போர்டான மதர்போர்டுக்கு ஆகாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை ஜன்னல் வழியாக அள்ளி வந்து சிபியூ என்ற முக்கிய சிப்பின் மேல் சூட்டை வெளியேற்ற வைத்திருக்கும் ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கில் கம்பளி மாதிரி படியவைக்கும். காற்றுப் போக வழியில்லாமல் சிபியூ சூடாகும், சூட்டைக் குறைக்க ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும், பேரிங் இன்னும் சீக்கிரம் தேயும். உங்கள் ஊரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பக்கத்து மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலோ புளோயராலோ தூசியை எடுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் தாறுமாறான வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். அப்படிச் சுற்றும் ஃபேன் ஒரு சின்ன டைனமோ மாதிரி மதர்போர்டுக்குள் கரண்டையும் அனுப்பக்கூடும். பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம். அந்த டேங்கில் தேங்கும் தண்ணீரும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து போர்டில் தெறிக்கும்.

மகள் கல்யாண போட்டோ, நிலப் பத்திர ஸ்கேன் எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. நான்கு நாளாக 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே சீராகச் சத்தம். விண்டோஸ் வர இருபது நிமிடம் ஆகிறது. காப்பி செய்ய முயன்றால் பாதியில் நிற்கிறது. திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறேன். (வேலந்தாவளம்)

ஐயா, இதைப் படித்ததும் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிடுங்கள். மற்ற பதில்களையெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று. அதன்மேல் படாமல் மிதந்துகொண்டே ஒரு ஹெட் தகவலைப் படிக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தட்டில் தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் அடையாளங்களை ஹெட்டால் படிக்க முடியாமல் போனால், ஓரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கும். அப்படித் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டிக்'. ஹெட் சேதமாகித் தட்டில் உரசிக்கொண்டிருந்தால், நீங்கள் முயன்ற ஒவ்வொரு முறையும் தட்டின்மேல் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்பட்டிருக்கும். அந்தப் பூச்சில்தான் உங்கள் மகளின் கல்யாணம் இருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். டிக் சத்தத்தோடு வந்த டிஸ்க்கை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, ஃபைல் ஃபைலாகக் காப்பி எடுக்க முயன்றேன். விடியும்போது அது கம்ப்யூட்டருக்கே தெரியாமல் போயிருந்தது. இறந்துபோன ஒரு தாயின் கடைசிப் படங்கள் அதில் இருந்தன. அதைக் கேட்க வந்தவரின் முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

இப்போது செய்யக்கூடியது இவ்வளவுதான். பவர் கேபிள் தளர்ந்திருந்தாலோ, பவர் சப்ளை வலுவிழந்து 12 வோல்ட் சரியாக வராவிட்டாலோ இதே டிக் சத்தம் வரலாம். எனவே விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, வேறு கேபிளில், நல்ல பவர் சப்ளையில் ஒரே ஒரு முறை போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அதிர்ஷ்டம், உடனே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிற, தூசியில்லாத தனி அறை வைத்திருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செலவு அதிகம், ஆனால் பத்திர நகலையும் கல்யாணப் போட்டோவையும் மீட்க வேறு வழியில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். டிஸ்க்கின் மூடியைத் திறக்கவும் விடாதீர்கள்.

டிக் சத்தம் இன்னும் வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். அதில் 05, C5, C6 என்ற மூன்று வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். C5-இல் எண் ஏறத் தொடங்கிவிட்டால் அன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள்.

துலாவர்ஷ மழை (வடகிழக்குப் பருவமழை) தொடங்கியதிலிருந்து ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வருவதில்லை. 'பீஈஈப்... பீஈஈப்' என்று நீளமாக விட்டு விட்டு அடிக்கிறது. (வாளையார்)

பெரும்பாலும் ராம் (RAM) என்ற மெமரிப் பட்டைதான். பீப் மொழி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனாலும் நீளமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் முதலில் ராமைத்தான் பார்க்க வேண்டும். மழை ஈரத்தில் அதன் முனைகளில் மெல்லிய படலம் படிந்து, தொடர்பு விட்டுப்போகிறது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். ராமைக் கழற்றி, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது கெட்டது என்று தெரிந்துவிடும். ஒரு நீளம், இரண்டு குட்டை என்று அடித்தால் டிஸ்ப்ளே கார்டைப் பாருங்கள்.

ஆஃப் செய்திருக்கும்போதும் ராத்திரியில் பிராண்டுகிற மாதிரி சத்தம் வருகிறதே? (சித்தூர்)

அது கம்ப்யூட்டரின் சத்தம் இல்லை. எலியோ பல்லியோ உள்ளே குடியேறியிருக்கிறது. திறந்து பார்க்கும்வரை ஆன் செய்யாதீர்கள். பல்லி பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் ஓடும் இடத்தில் குறுக்கே படுத்தால் அதுவும் சாகும், பவர் சப்ளையும் போகும். கேபினட் பின்புறம் கார்டு போடாத இடங்களில் தகட்டு மூடி விழுந்திருக்கும், அந்த வழியாகத்தான் நுழையும். தகட்டை மாட்டி அடைத்துவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கரண்டைச் சேமித்து வைக்கும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கரண்ட் இருக்கும்போது அமைதியாக ஓடுகிறது. இன்வெர்ட்டருக்கு மாறினால் பவர் சப்ளை 'ஸ்ஸ்ர்ர்' என்று ரீங்காரமிடுகிறது. சில நேரம் ரீஸ்டார்ட் ஆகிறது. (மீனாட்சிபுரம்)

அதே நேரத்தில் உங்கள் சீலிங் ஃபேனும் உறுமுகிறதா? அப்படியென்றால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். லைனில் வரும் கரண்ட் நொடிக்கு 50 முறை அலை மாதிரி வளைந்து ஏறி இறங்கும். இந்த வகை இன்வெர்ட்டர் அதைச் சுவர் மாதிரி செங்குத்தாக ஏற்றி இறக்கும். அந்த அதிர்ச்சியில்தான் காயில்கள் ரீங்காரமிடுகின்றன. நல்ல பவர் சப்ளைகள் சில அதை ஏற்றுக்கொள்ளாமல் நின்றுவிடவும் செய்யும். ரீஸ்டார்ட் ஆவதற்கு, மாறும்போது விழும் சின்ன இடைவெளியும் காரணமாகலாம். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் போட்டுப் பாருங்கள், இடைவெளி குறையும். அடுத்த முறை வாங்கும்போது, லைன் கரண்ட் மாதிரியே வளைந்து ஏறி இறங்கும் ப்யூர் சைன் வேவ் கேட்டு வாங்குங்கள்.

மகன் கேம் விளையாடும்போது மட்டும் 'கீஈஈ' என்று மெல்லிய சத்தம். வெடித்துவிடுமா? (பொள்ளாச்சி)

வெடிக்காது. கிராபிக்ஸ் கார்டில் உள்ள காயில்கள் அதிர்வதால் வருவது. கேம் செட்டிங்கில், கார்டு திரையின் வேகத்தைத் தாண்டி ஓடாமல் பிடித்து வைக்கும் வி-சிங்க்கைப் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று எப்போதும் ஓர் இரைச்சல். கேபினட்டைத் தொட்டால் அது மாறுகிறது. வெறுங்காலோடு தொட்டால் சுள்ளென்கிறது. போன் வருவதற்கு முன் 'டிடிட் டிடிட்' என்றும் அடிக்கிறது. (கோவிந்தாபுரம்)

டிடிட் சத்தத்துக்குக் காரணம் பழைய 2ஜி சிக்னல். போன் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு ஒலிபரப்புவதை ஸ்பீக்கர் பிடித்துக்கொள்கிறது. நம் எல்லை ஊர்களில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவுவதால், அழைப்பு வராதபோதும் இது கேட்கும். இதனால் ஆபத்தில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தச் சுள்ளென்பது. உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்னக் கெபாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது லைன் வோல்டேஜில் பாதியளவு, அதாவது 115 வோல்ட் வரை, கேபினட் தகட்டில் தோன்றச் செய்யும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் உருகித் தகட்டைத் தொட்டால், அந்தக் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக எதுவும் இல்லை. தொடுகிற ஆள்தான் எர்த் ஆவார். இரண்டு பின் அடாப்டரில் மூன்று பின் பிளக்கைச் செருகியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியை அளக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து மண் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பிடிக்காது, குழியில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலை இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். எர்த் சரியானால் அந்த 'ம்ம்ம்' சத்தமும் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை குழந்தைகளை அந்த கேபினட் பக்கம் விடாதீர்கள். போனை ஸ்பீக்கரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.